சேர் இனிக் கையெழுத்து வைக்கமாட்டாராம்

2024 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கட வாட்ஸ்அப் குழுவுக்குள் ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது.

“மச்சான், சேர் எல்லாத்தையும் விடப்போறாராம். கோயில் கணக்கு, மரணச் சங்கம், ஸ்கூல் கொமிற்றி, ஒண்டும் இனி வேணாமாம். செக்கில கையெழுத்தும் வைக்கமாட்டாராம்.”

முதலில் நாங்கள் நம்பவில்லை. பிறகு பயந்தோம். அதற்கும் பிறகு, உண்மையைச் சொல்வதென்றால், கோபப்பட்டோம். பென்சன் எடுத்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிற மனுசன். பிள்ளைகள் இரண்டும் கரைசேர்ந்துவிட்டார்கள். ஊர் வேலை செய்ய இதைவிட நல்ல காலம் எது? இப்போது போய் விடுகிறேன் என்றால் என்ன நியாயம்?

இந்தக் கட்டுரை அந்தக் கோபம் எப்படிக் கரைந்தது என்பதைப் பற்றியது. முழுதாகக் கரையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சேரின் பெயரையும் ஊரின் பெயரையும் நாங்கள் எழுதவில்லை. அவரே வேண்டாம் என்றார். “பேர் போட்டீங்கெண்டா மறுகா ஆராவது வந்து இன்னொரு சங்கத்துக்குத் தலைவராப் போட்டிருவானுகள்.” எழுவான்கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற மணல் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 56 கிலோமீற்றர் நீளமுள்ள மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் இப்படி எத்தனையோ ஊர். எல்லா ஊரிலும் இப்படி ஒரு சேர் இருப்பார். உங்கட ஊரிலும் இருப்பார், யோசித்துப் பாருங்கள்.

அவர் கணித ஆசிரியர். முதல் நியமனம் படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கே போவதென்றால் படகுப்பாதையில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். வருசக்கணக்காக அப்படிப் போய்வந்தவர். பிறகு எழுவான்கரைக்கு மாற்றலாகி எங்களுக்குப் படிப்பித்தார். 2022 டிசம்பர் 31ஆம் திகதி, 60 வயதைக் கடந்த அரச ஊழியர்கள் நாடு முழுக்க ஒரே நாளில் பெருந்தொகையாக ஓய்வுபெற்றார்களே, அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். பாடசாலையில் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தி அனுப்பினோம். அடுத்த கிழமையே முதியோர் சங்கத்துக்கு அவரைச் செயலாளராகத் தெரிவு செய்தார்கள். 2000ஆம் ஆண்டு முதியோர் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு கிராமத்துக்குக் கிராமம் வந்த சங்கங்களில் அதுவும் ஒன்று. எழுதப்படிக்கத் தெரிந்த புது முதியவர் ஒருவர் கிடைத்தால் விடுவார்களா?

குரல்பதிவு வந்த அன்றிரவு நாங்கள் ஐந்து பேர் சந்திக் கடையில் பிளேன்ரீயோடு இருந்து சேரின் பதவிகளை எண்ணினோம். கோயில் பரிபாலன சபைப் பொருளாளர். மரணாதாரச் சங்கச் செயலாளர். பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர். பழைய மாணவர் சங்க உபதலைவர். கிராம அபிவிருத்திச் சங்கப் பொருளாளர். விளையாட்டுக் கழகப் போசகர். மத்தியஸ்த சபை உறுப்பினர். முதியோர் சங்கச் செயலாளர். மீனவர் சங்கத்தில் பதவி இல்லை, ஆனால் கணக்குப் புத்தகம் எழுதுவது அவர்தான். சனிக்கிழமை காலையில் ஓ.எல். பிள்ளைகளுக்கு இலவசக் கணித வகுப்பு. கடைசியாக எங்கட வாசிப்பு வட்டத்தின் ஆலோசகர்.

பதினொன்று. எண்ணி முடித்ததும் ஒருத்தன் சொன்னான், “அடேய், மனுசன் பென்சன் எடுக்கல்ல, பதினொரு வேலையில சேந்திரிக்கார்.”

இது எப்படிச் சேர்ந்தது என்று பிறகு அவரிடமே கேட்டோம். 1978 நவம்பர் 23 சூறாவளி அடித்தபோது சேருக்குப் பதினாறு வயது. மட்டக்களப்பில் தென்னை எல்லாம் படுத்துக் கிடந்தது, கூரை தப்பிய வீடு குறைவு. நிவாரணத்துக்கு ஆட்களின் பெயர் எழுத வந்த உத்தியோகத்தருக்கு நல்ல கையெழுத்து உள்ள பொடியன் ஒருவன் தேவைப்பட்டான். அன்று பிடித்த பேனை. தொண்ணூறுகளில் பிள்ளைகளைத் தேடித் திரிந்த தாய்மாருக்குச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் ஆணைக்குழுக்களுக்கும் மனு எழுதிக் கொடுத்தார். 2004 சுனாமிக்குப் பிறகு பாடசாலையில் இருந்த முகாமில் பெயர்ப்பட்டியல். 2007இல் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது இன்னொரு பட்டியல். 2020 கொரோனாவில் உலர்உணவுப் பட்டியல். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையில் கிடந்தபோது வரிசைக்கு ஒரு பட்டியல். ஒவ்வொரு அழிவுக்கும் ஒரு பட்டியல், ஒவ்வொரு பட்டியலுக்குப் பிறகும் ஒரு சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு கையெழுத்து.

இலங்கையர் தொண்டு செய்வதில் குறைந்தவர்கள் இல்லை. 2016 உலக ஈகைச் சுட்டெண்ணில் இந்தச் சின்ன நாடு ஐந்தாம் இடத்தில் நின்றது. அந்தச் செய்தியைப் பேஸ்புக்கில் பெருமையாகப் பகிர்ந்தவர்களில் எங்களில் இரண்டு பேரும் இருந்தோம். ஆனால் ஒரு ஊரின் தொண்டை அந்த ஊரில் எத்தனை பேர் பிரித்துச் சுமக்கிறார்கள் என்பதை எங்களில் ஒருத்தரும் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

மனதை மாற்றலாம் என்று அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனோம். வளவில் மாமரத்துக்குக் கீழே சேர் ஒரு பழைய வீச்சுவலையைக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். ரீச்சர் திண்ணையில் இருந்தார். அவவும் ஓய்வுபெற்ற ஆசிரியைதான், சேருக்கு இரண்டு வருடம் முந்தியே.

நாங்கள் வந்த விசயம் அவருக்குத் தெரியும். கதைக்க விடவில்லை. உள்ளே போய் ஒரு சீஆர் கொப்பியை எடுத்துவந்து எங்கட கையில் தந்தார். பாடசாலை நேரசூசி மாதிரிக் கோடு போட்டு, அந்தப் பெப்ரவரி மாதத்தின் 29 பின்னேரங்களையும் எழுதியிருந்தார். எந்தக் கூட்டம், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தது. இன்னும் வராத நாட்களுக்கும் ஏற்கெனவே கூட்டம் போட்டிருந்தது. வீட்டில் இருக்கக்கூடிய பின்னேரம் ஐந்து.

“கணக்கு வாத்தி எண்டா இப்பிடித்தான்” என்று சிரித்தார்.

ரீச்சர் சிரிக்கவில்லை. “பென்சன் எடுத்த ஆள நான் இன்னும் காணல்ல மனே” என்றா. அதற்குப் பிறகுதான் ஒரு விசயம் எங்களுக்குத் தெரிந்தது. போன வருடம் ரீச்சருக்குக் கண் வெண்படலச் சத்திரசிகிச்சை. அன்று காலையில் கோயிலில் திருவிழாக் கணக்குப் பார்க்கும் கூட்டம். பொருளாளர் இல்லாமல் கணக்குப் பார்க்க ஏலாது என்று மூன்று பேர் போன் எடுத்தார்களாம். ரீச்சர் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனா.

அந்தக் கூட்டத்தில் எங்களில் ஒருவரும் இருந்தோம். சேர் நேரத்துக்கு வந்தது எங்களுக்கு ஞாபகம் இருந்தது. ஏன் கொஞ்சம் சத்தமில்லாமல் இருந்தார் என்று அப்போது நாங்கள் கேட்கவில்லை.

சேர் மூன்று நிரல் போட்டிருந்தார். நான் மட்டும் செய்யக்கூடியது. வேறு ஆட்களும் செய்யக்கூடியது, ஆனால் நான் இருப்பதால் செய்யாதது. ஒருத்தருக்கும் தேவையில்லாதது. முதல் நிரலில் ஒன்றும் எழுதப்படவில்லை. “இருவது வருசமா அந்த நிரல்லதான் எல்லாம் இரிக்கெண்டு நினைச்சன்” என்றார்.

மூன்றாவது நிரலைப் பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய் ஒரு பழைய பால்மா ரின்னைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். ஏழு இறப்பர் முத்திரைகள். நான்கைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. சுனாமிக்குப் பிறகு வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் திட்டத்துக்கென்று தனியாக ஒரு குழு கேட்டது. கிணறு துப்புரவாக்க ஒரு குழு, கண்டல் நட ஒரு குழு, சுழற்சிமுறைக் கடனுக்கு ஒரு குழு. திட்டம் முடிந்தது, நிறுவனம் போனது, வாகனம் போனது. முத்திரை சேரின் ரின்னுக்குள் மிஞ்சியது. கூட்டமே நடக்காத சங்கங்களுக்கும் வருடம் ஒருமுறை யாராவது படிவம் கொண்டுவருவார்கள், இவர் முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பார்.

மார்ச் மாதம் கோயில் பொதுக்கூட்டத்தில் விசயம் வெடித்தது. எங்கட பக்கத்துக் கோயில்களில் குடிக்குக் குடி வண்ணக்கர், பொறுப்பு, முறை என்று எல்லாம் வழிவழியாக வருவது. அதில் ஒருவர் இடையில் நின்று “காணும்” என்று சொல்வது வழக்கமில்லை. பெரியவர் ஒருவர் எழுந்து, விபுலானந்த அடிகள் பிறந்த மண் இது, அந்த மனுசன் கடைசி மூச்சுவரை உழைத்தவர், படித்த நீங்களே இப்படிச் சொன்னால் இளம்பிள்ளைகள் என்ன பழகும் என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. நாங்களும் தட்டினோம்.

சேர் ஆறுதலாக எழும்பினார். “அடிகளார் செஞ்ச வேலைய எல்லாரும் எண்ணுறம். அவர் விட்ட வேலையையும் எண்ணுவம்” என்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். எவ்வளவு பெரிய பதவி. 1933இல் அதை விட்டுவிட்டு வந்தார். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகள் அத்தனையும் தோளில் இருந்த மனுசன், வருடக்கணக்காக யாழ் ஆராய்ச்சிக்கு நேரம் எடுத்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டபோது திரும்பவும் பேராசிரியராகப் போனார். ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது, அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் இல்லை. “ஒரு வேலைக்கு இடம் விடோணுமெண்டா இன்னொரு வேலைய இறக்கி வெக்கோணும். அவர் இறக்கி வெச்சிரிக்காட்டி அந்தப் புத்தகம் இல்ல. நான் யாழ் நூல் எழுதப் போறதில்ல. மனுசிய ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போகப்போறன். அவ்வளவுதான்.”

அதற்குக் கைதட்டல் விழவில்லை. ஆனால் ஒருவரும் மறுத்துக் கதைக்கவும் இல்லை.

சேர் விட்ட விதத்தைப் பற்றி நாங்கள் பிறகு நிறையக் கதைத்தோம். கோபித்துக்கொண்டு ஒரே நாளில் போகவில்லை. மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரைக்கும் ஆறு மாதம். ஒவ்வொரு சங்கத்துக்கும் திகதி போட்ட கடிதம். அந்தத் திகதிக்குள் கணக்கறிக்கை, அறிக்கைப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகம், வங்கிப் புத்தகம், முத்திரை எல்லாம் கையளித்துப் புதியவரிடம் ஒரு கையெழுத்து. வங்கியில் கையொப்பம் மாற்றுவதற்குப் பொதுக்கூட்டத் தீர்மானத்தின் பிரதி வேண்டும், அதையும் தானே எழுதிக் கொடுத்தார். “சரி சேர், போசகராவது இரிங்க” என்று எல்லாச் சங்கமும் கேட்டது. அதற்கும் மாட்டேன் என்றார். “போசகர் எண்டா பதவி இல்லாத செயலாளர்.” மத்தியஸ்த சபைக்கு மட்டும் பாதியில் கடிதம் கொடுக்கவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மூன்று வருட நியமனம், பிணக்குகள் பாதியில் நிற்கும், காலம் முடிய விடுகிறேன் என்றார். சனிக்கிழமை கணித வகுப்பையும் விடவில்லை. ஏன் அதை மட்டும் என்று கேட்டோம். “அது எனக்கு விருப்பம்” என்றார். வேறு காரணம் சொல்லவில்லை.

எங்கட வாசிப்பு வட்டத்துக்கும் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு எழுதியது மாதிரியே, திகதி போட்டு, “தலைவர் அவர்களுக்கு” என்று தொடங்கி. கோயில் கூட்டத்தில் நடந்ததை எல்லாம் நியாயம் என்று கதைத்துத் திரிந்த நாங்கள் அன்று நன்றாகவே உடைந்துபோனோம். மாதத்தில் ஒருநாள், இரண்டு மணித்தியாலம். அதுவும் பாரமா?

ஒருத்தி நேரே போய்க் கேட்டாள். சேர் சொன்னாராம்: “நான் இரிந்தா நீங்க புத்தகத்தப் பாத்துக் கதைக்கிறல்ல, என்ர முகத்தப் பாத்துக் கதைக்கிறீங்க. நான் தலையாட்டினாச் சரி, ஆட்டாட்டிப் பிழை.” அது உண்மையா என்று நாங்கள் இன்றைக்கும் வாதாடுகிறோம். அவர் இல்லாத முதல் இரண்டு கூட்டமும் சப்பென்று போனது. மூன்றாவது கூட்டத்தில் இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். அப்படி ஒரு சண்டை எங்கட வட்டத்தில் அதற்கு முன் நடந்ததே இல்லை.

மரணாதாரச் சங்கச் செயலாளர் பதவியை எடுக்க ஆள் இல்லை. எங்கட வட்டத்தில் 2021இல் பதினான்கு பேர் இருந்தோம். இப்போது எட்டு. மூன்று பேர் கட்டார், ஒருத்தன் டுபாய், ஒருத்தன் ருமேனியா, ஒருத்தி லண்டனில் முதியோர் பராமரிப்பு வேலை. எங்கட முதியோரை இங்கே யார் பார்ப்பது என்பது வேறு கதை. ஊரில் இருக்கிறவர்களில் அரைவாசிப் பேர் போவதற்குக் காத்திருக்கிறார்கள். இளம் ஆட்கள் பொறுப்பு எடுக்கிறார்களில்லை என்று பெரியவர்கள் சொல்வதும், எங்களை ஒரு சங்கத்திலும் வாய்திறக்க விடுகிறார்களில்லை என்று நாங்கள் சொல்வதும் இரண்டுமே உண்மைதான்.

கடைசியில் எங்கட தோழி ஒருத்தி எடுத்தாள். இருபத்தாறு வயது, அபிவிருத்தி உத்தியோகத்தர். பொதுக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார், “சாமத்தில செத்த வீடு வந்தா பொம்புளப்புள்ள என்ன செய்யும்?” இவள் சொன்னாள், “சாமத்தில செத்த வீட்டில தேத்தண்ணி ஊத்துறது ஆரு, ஆம்பிளயளா?” பெண்கள் பக்கம் சிரித்தது. வழிமொழிந்ததும் அந்தப் பக்கம்தான்.

மே மாதம், ஊரே கண்ணகி அம்மன் கதவு திறப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம், ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அவளுக்குப் போன் வந்தது. வாவிக்கரையில் ஒரு மீன்பிடிக் குடும்பம், தாய் போய்ச் சேர்ந்துவிட்டா. அவள் எங்களுக்கு எடுத்தாள். நான்கு பேர் போனோம்.

மரணச் சங்கம் என்றால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தோம். ஒவ்வொரு வீடும் மாதம் 100 ரூபா கட்டும். மரணம் நடந்தால் அன்றே 30,000 ரூபா கொடுக்கவேண்டும். கதிரை, தறப்பாள், மின்குமிழ், பெரிய தேத்தண்ணிக் கேத்தில் எல்லாம் சங்கத்தின் சாமான். பொதுநோக்கு மண்டபத்து அறைத் திறப்பு யாரிடம்? தெரியவில்லை. கதிரை எத்தனை? புத்தகத்தில் 120, எண்ணினால் 94. இருபத்தாறு கதிரை போன மாதக் கலியாண வீட்டில். அதெல்லாம் விடிவதற்குள் எப்படியோ சரிக்கட்டினோம்.

பணத்தில்தான் மாட்டினோம். அந்தக் குடும்பம் நான்கு மாதம் சந்தா கட்டவில்லை. சங்க யாப்பின்படி மூன்று மாதத்துக்கு மேல் நிலுவை என்றால் கொடுப்பனவு இல்லை. மூன்று மணிக்கு, பிரேதம் உள்ளே கிடக்க, மகன் எங்களைப் பார்த்தபடி நிற்கிறான். இதற்கு முன் இப்படி வந்தபோது சேர் என்ன செய்தார்? ஒரு வீட்டுக்கும் அவர் இல்லை என்று சொன்னதாக ஊரில் ஒரு கதையும் இல்லை.

போன் வெளிச்சத்தில் தோழி பழைய சந்தாப் புத்தகத்தைப் புரட்டினாள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி. புள்ளி உள்ள இடமெல்லாம் சந்தா கட்டியதாகப் பற்றுச்சீட்டு இருந்தது. எல்லாப் பற்றுச்சீட்டும் மாதக் கடைசி நாளில். எல்லாம் ஒரே பேனை மை. கட்ட ஏலாத வீடுகளுக்குச் சேர் தன் சம்பளத்தில், பிறகு பென்சனில், கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எத்தனை வருடம் என்று நாங்கள் எண்ணினோம். தொகையை எழுதமாட்டோம்.

அவருக்குப் போன் எடுத்தோம். எடுத்தார். முழுதையும் கேட்டார். “நிர்வாக சபையில ஆர் ஆர் அங்க நிக்கிறீங்க?” என்று கேட்டார். ஐந்து பேர் நிற்கிறோம், பொருளாளரும் வந்துவிட்டார் என்றோம். “அப்ப கூட்டம் நடத்தலாம்தானே” என்றார். வைத்துவிட்டார்.

அந்த நேரம் எங்களுக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத ஏலாது. ஆனால் கூட்டம் நடந்தது. வேலியோரமாகத் தறப்பாள் கட்டுக்குமேல் இருந்து, ஒருத்தன் போனில் வெளிச்சம் பிடிக்க, தோழி அறிக்கைப் புத்தகத்தில் எழுதினாள். நிலுவை உள்ள வீட்டுக்கும் கொடுப்பனவு உண்டு, நிலுவையைக் கழித்துக் கொடுப்பது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அனுமதிக்கு வைப்பது. பொருளாளர் கடைக்காரர், விடியும் முன் தன் கடை லாச்சியிலிருந்து காசைக் கொண்டுவந்து, காசோலை மாறியதும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். 29,600 ரூபா. மகன் கையெழுத்து வைத்து வாங்கினான்.

பிறகு ஒருநாள் அந்தப் புள்ளிகளைப் பற்றிச் சேரிடம் கேட்டோம். நன்றி சொல்லத்தான் போனோம். அவருக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. “அது நான் விட்ட பிழை மனே” என்றார். “சட்டம் பிழை எண்டு எனக்குத் தெரியும். கூட்டத்தில சொன்னா வாய்த்தர்க்கம் வரும். என்ர காசப் போட்டா ஒருத்தருக்கும் தெரியாம முடிஞ்சிரும். இருவது வருசமா அந்தப் பிழைச் சட்டத்த நான்தான் காப்பாத்தி வெச்சிரிந்தன். நீங்க ஒரு ராவில மாத்திட்டீங்க.”

நாங்கள் இதைத்தான் அதிகம் யோசித்தோம். ஒரு நல்ல மனிதர் தன் நேரத்தாலும் காசாலும் ஓட்டையை அடைத்துக்கொண்டே இருந்தால், அங்கே ஓட்டை இருப்பதே ஊருக்குத் தெரியாமல் போகிறது. நாங்கள் அதை அவருடைய பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டு கையைக் கட்டி நிற்கிறோம். ஓட்டை அப்படியே இருக்கிறது, மனிதர் தேய்ந்து போகிறார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத மனம் வரவில்லை. விளையாட்டுக் கழகத்தின் வங்கிக்கணக்கு கையொப்பம் மாற்ற ஆள் போகாமல் முடங்கிக் கிடக்கிறது. மீனவர் சங்கத்தில் கணக்கு இரண்டு மாதம் எழுதப்படாமல் கிடந்து, பிறகு அவர்களே ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். அந்த வேலைக்கு ஒரு கூலி உண்டு என்பதே அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. கண்டல் குழு, கிணற்றுக் குழு முத்திரைகளை முறைப்படி பிரதேச செயலகத்துக்கு எழுதி மூடினோம், அதற்கு ஒருத்தரும் அழவில்லை. கோயிலில் இன்னமும் இரண்டு பேர் சேரோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஓகஸ்டில் மரணாதாரச் சங்கப் பொதுக்கூட்டம் எங்கட வேலியோரத் தீர்மானத்தை ஏற்றது. கூடவே இன்னொன்றும் சேர்த்தோம்: பதவி மூன்று வருடம்தான், ஒரே ஆள் தொடர்ந்து இருப்பதென்றால் பக்கத்தில் ஒரு உதவிச் செயலாளர் பழகவேண்டும்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு சின்ன வேலை. உங்கட ஊரில் சங்கங்களின் வங்கிப் புத்தகங்களில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று ஒருக்காக் கேட்டுப் பாருங்கள். ஒரே பெயர் மூன்று இடத்தில் வந்தால், அந்த வீட்டுக்கு ஒரு பின்னேரம் போங்கள். உதவி செய்யவா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ‘பரவாயில்ல மனே, நான் பாக்கன்’ என்பார்கள். புத்தகத்தைத் தாங்க என்று கேளுங்கள்.

அந்த மே மாதச் செத்த வீட்டில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டோம். காலை பத்து மணிபோல் சேரும் ரீச்சரும் வந்தார்கள். நாங்கள் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தோம். சேர் பழக்கத்தில் தறப்பாள் கயிறு ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ரீச்சர் ஒரு பார்வை பார்த்தா. கயிற்றை விட்டுவிட்டு, ஒரு கதிரையில் போய் இருந்தார். பக்கத்தில் இருந்தவர் செத்துப்போன அம்மாவின் புருசன். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்களாம், எங்களுக்கு அதுவரை தெரியாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே இருந்து கதைத்தார்கள். ஊரில் எத்தனையோ செத்த வீட்டில் சேரைக் கண்டிருக்கிறோம். ஒன்றிலும் அவர் இருந்ததை நாங்கள் கண்டதில்லை.

ஓகஸ்ட் போயாவுக்கு இரண்டு பேரும் கல்லடிப் பழைய பாலத்துக்குப் பாடும் மீன் கேட்கப் போனார்களாம். மட்டக்களப்பில் பிறந்து அறுபது வருடத்துக்கு மேலாகியும் ஒருநாளும் கேட்டதில்லையாம். கேட்டதா என்று ரீச்சரிடம் விசாரித்தோம்.

“எங்க மனே, மோட்டார் சைக்கிள் சத்தம்தான் கேட்டிச்சு” என்றா. “அடுத்த போயாக்கும் போறம்.”